தலையைத் தொட்டு எண்ணச் சொன்னவர்

இரண்டாயிரத்து ஏழோ எட்டோ, சரியாக நினைவில்லை. அப்போது திருத்தணியில் வீட்டிலேயே தையல் மிஷின் போட்டு ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பள்ளிக்கூடப் பெண் பிள்ளைகளைச் சேர்த்து ஒரு சேவைக் குழு நடத்துவேன். சம்பளமெல்லாம் கிடையாது. வெட்டி வேலை என்று வீட்டில் முணுமுணுப்பார்கள், நானும் காதில் வாங்காமல் கிளம்பிவிடுவேன்.

குழுவுக்குப் பின்னால் இருந்த சென்னைத் தொண்டு நிறுவனம், தன்னார்வலர்கள் எல்லோரும் இனி இன்டர்நெட்டில் பயிற்சி எடுத்தே ஆகவேண்டும் என்று அந்த வருடம் சொல்லிவிட்டது. எனக்கு எரிச்சலான எரிச்சல். பிள்ளைகளோடு பழகுவதைக் கம்ப்யூட்டரா சொல்லித்தரும்? இருந்தாலும் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருந்த பிரவுசிங் சென்டருக்குப் போய் உட்கார்ந்தேன். பாதிப் பாடத்தில் கரண்ட் போய்விடும். “கொஞ்சம் பொறுங்க மேடம், வந்துகினே கீது” என்பார் சென்டர்காரர், கரண்ட் ஏதோ ஷேர் ஆட்டோவில் வருகிற மாதிரி.

பாடங்கள் மனதில் ஒட்டவில்லை. ஒட்டியது, எங்களைப் போன்றவர்கள் பேசிக்கொள்வதற்கென்று அதில் இருந்த ஒரு பகுதி. தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டித் தட்டிக் கேள்வி கேட்போம். தென் மாவட்டத்திலிருந்து ஒரு பெண் எல்லோருக்கும் சளைக்காமல் பதில் போடுவார். வயதுக்கு வந்த பிள்ளைகளை வீட்டில் முகாமுக்கு அனுப்ப மாட்டேன் என்கிறார்களே என்று ஒருமுறை புலம்பினேன். ‘அம்மாவையும் ஒரு நாள் கூட்டிட்டு வந்து உக்கார வையுங்க, அப்புறம் அவங்களே அனுப்புவாங்க’ என்று எழுதினார். அப்படியே நடந்தது. முகம் பார்க்காத, குரல்கூடக் கேட்காத அந்தப் பெண்மேல் எனக்கு அவ்வளவு பிரியம் வந்துவிட்டது.

திடீரென்று அவரைக் காணோம். பல வாரம் கழித்து நீளமாக ஒன்று எழுதியிருந்தார். முகாமுக்குப் போன இடத்தில் ஆற்றில் குளித்துவிட்டு வந்த பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். எல்லாப் பெயருக்கும் ‘இருக்கேன்’ என்று பதில் வந்திருக்கிறது. நிம்மதியாகச் சாப்பாடு பரிமாறியிருக்கிறார். ஆனால் ஒரு பெயருக்குப் பதில் சொன்னது அந்தப் பிள்ளையின் தோழி. வகுப்புக்கு வராத தோழிக்காகக் குரல் கொடுப்பது போலவே, திட்டு விழக்கூடாதே என்று சொல்லியிருக்கிறாள். தெரிந்து ஆற்றுக்கு ஓடிப் பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

படித்துவிட்டு, கீழே மற்றவர்கள் எழுதியிருந்ததைப் பார்த்தேன். ஆறுதல் சொன்னவர்கள் ஒன்றிரண்டு பேர்தான். மற்றவர்கள் வகுப்பெடுத்தார்கள். நீங்களெல்லாம் எதற்குத் தன்னார்வலர் என்றே ஒருவர் கேட்டுவிட்டார். அதற்கு அந்தப் பெண் எழுதியது இவ்வளவுதான்: ‘என்னைத் திட்டுங்க. ஆனா பேர் கூப்பிட்டு எண்ணாதீங்க. முகத்தைப் பார்த்து, தலையைத் தொட்டு எண்ணுங்க.’

அடுத்த முறை போனபோது அந்தப் பதிவே இல்லை. நிறுவனத்துக்குக் கெட்ட பெயர் என்று எடுத்துவிட்டார்களாம்.

அந்த வருட ஆடிக் கிருத்திகைக்கு எங்கள் பிள்ளைகள் சரவணப் பொய்கைப் பக்கம் காவடி எடுத்து வருபவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். ஆந்திராவிலிருந்து வந்த கூட்டமும் சேர்ந்து, நிற்க இடமில்லை. மத்தியானம் எல்லோரையும் ஒரு பந்தல் நிழலுக்குக் கூட்டி வந்து புளிசாதப் பொட்டலத்தைப் பிரிக்கும் முன், பழக்க தோஷத்தில் பெயர்தான் கூப்பிட்டேன். “ஆங்க்கா, ஆங்க்கா” என்று எல்லாப் பெயருக்கும் பதில் வந்தது.

பொட்டலத்தைக் கையில் எடுத்தேன். அந்தப் பெண் எழுதியது ஞாபகம் வந்தது. கீழே வைத்துவிட்டு ஒவ்வொரு தலையாகத் தொட்டுக்கொண்டே போனேன். ஒரு தலை குறைந்தது.

“அவ கால் கழுவப் போயிருக்காக்கா, இப்ப வந்துடுவா” என்று அழ ஆரம்பித்தாள் அவள் பெயருக்குக் குரல் கொடுத்தவள்.

செருப்பை விட்டுவிட்டு ஓடினேன். பொய்கையில் எங்கே பார்த்தாலும் மொட்டைத் தலைகள். கூட்டமில்லாத ஒரு மூலைப் படியில் எங்கள் சீருடையின் நீலம் தண்ணீருக்குள் தெரிந்தது. பாசியில் வழுக்கியிருக்கிறாள். நான் போட்ட கூச்சல் அரோகரா சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. குளித்துக்கொண்டிருந்த ஒரு ஆந்திராக்காரரின் தோளைப் பிடித்து உலுக்கிக் கையைக் காட்டினேன். குதித்து அள்ளிக்கொண்டு வந்தார். குப்புறப் போட்டு முதுகில் தட்டினார். இருமினாள், தண்ணீரைக் கக்கினாள். “நைனா” என்று அப்பாவைக் கூப்பிட்டு முனகினாள். அதன்பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

ஆர்.கே.பேட்டையில் தறி ஓட்டிக்கொண்டிருந்த அவளுடைய அப்பா சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தார். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “உங்களாலதாங்க எம் பொண்ணு உசுரோட கீது” என்று அழுதார். நான் இல்லை என்று சொல்ல நினைத்தேன். யாரென்று சொல்வது? தலையைத் தொட்டு எண்ணச் சொன்ன அந்தப் பெண் யாரென்று எனக்கே தெரியாதே!

மறுநாளே பிரவுசிங் சென்டருக்குப் போய் நடந்ததையெல்லாம் எழுதி அவருடைய மெயிலுக்கு அனுப்பினேன். அந்த முகவரி இப்போது இல்லை என்று திரும்பி வந்துவிட்டது. நாங்கள் பேசிக்கொள்ளும் பகுதியிலும் அவர் பெயரை எடுத்திருந்தார்கள். சென்னை அலுவலகத்துக்குப் போன் செய்தேன். “அவங்க இப்ப நம்ம கூட இல்லைங்க. நம்பர்லாம் தர முடியாது” என்றார்கள். கெஞ்சிப் பார்த்தேன், சண்டையும் போட்டேன். போனை வைத்துவிட்டார்கள். கொஞ்ச நாளில் அந்தப் பயிற்சியையே நிறுத்திவிட்டார்கள்.

பொய்கையில் வழுக்கியவளுக்கு இப்போது கல்யாணமாகிக் கையில் குழந்தை இருக்கிறது. பஸ்ஸில் பார்த்தால், “நல்லாக்கீறியாக்கா?” என்று ஓடி வருவாள். அவளைப் பார்க்கும்போதெல்லாம் சந்தோஷம் பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது. தன்னால் ஒரு பிள்ளை போனது மட்டும்தான் அந்தப் பெண்ணுக்குத் தெரியும், தன்னால் ஒரு பிள்ளை பிழைத்தது அவருக்குத் தெரியவே தெரியாது என்பது இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.