பாதி இறுகிய பல்லோடு பொண்ணு பார்க்கப் போனேன்

இன்று அஸ்தம்பட்டியில் பல் அடைக்கப் போனேன். கூடவே வீட்டுக்காரியும்.

"இந்த நீல லைட்டைக் காட்டுனாத்தான் அடைப்பு இறுகுமுங்க" என்று டாக்டரம்மா விளக்கினார்.

எனக்கேவா? வாய் கொப்பளித்ததும் ஆரம்பித்தேன்.

எண்பதுகளில் சேலம் ஜில்லாவுக்கு இந்த நீல லைட் முதன்முதலில் வந்ததே என் பல்லுக்குத்தான். பத்து ஆள் இழுத்தும் வராத லாரித் தார்ப்பாய்க் கயிற்றைப் பல்லால் இழுத்தேன். கயிறு வந்தது, முன்பல் உடைந்தது. அன்று சாயங்காலம் ராசிபுரத்தில் பொண்ணு பார்க்க வேண்டும்.

உடைந்த பல்லை அடைக்க ஓடினேன். அந்தக் கால டாக்டர் லைட்டைப் பிடித்த நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டது.

"பாதிதானுங்க இறுகியிருக்குது. காலையில வந்து மறுபடி லைட் காட்டிக்கங்க. அதுவரைக்கும் வாயைத் தொறக்காதீங்க, பேர்ந்துரும்."

பொண்ணு வீட்டில் எதைக் கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டினேன். பல்லும் தப்பியது, பொண்ணும் அமைந்தது.

டாக்டரம்மா சிரித்தார். வீட்டுக்காரி சிரிக்கவில்லை.

"பேசாத மாப்பிள்ளைன்னு நம்பித்தானுங்க சரின்னேன். மறுநா கரண்ட் வந்ததும் வாயைத் தொறந்தவரு, இன்னைக்கு வரைக்கும் மூடலைங்க."

அன்றைக்குக் கரண்ட் போனதில் ஏமாந்தது யார்? நீங்களே சொல்லுங்க சாமி.