தாலி கட்டும்போது அடிக்காத ஃபிளாஷ்

கேமரன் மலைக்கு எப்படிப் போவது என்று கேட்கிறீர்கள். நான் முதலில் போனது 1983 டிசம்பரில். ஊர் சுற்ற அல்ல, ஒரு கேமரா ஃபிளாஷுக்கு பேட்டரி மாற்ற.

எனக்குப் பழக்கமான செல்வம் அண்ணன் அங்கே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி. ஓய்வு நேரத்தில் படம் எடுப்பார். அவருடைய ஃபிளாஷில் சார்ஜ் ஏற்றும் பேட்டரிகள் உள்ளேயே பற்றவைக்கப்பட்டவை. அவை செத்துப்போயிருந்தன. நான் போய்ச் சேர்ந்த மறுநாள் அவர் தங்கை மீனாவுக்குக் கல்யாணம். ஈப்போவில் ரேடியோ கடையில் வேலை பார்த்த நான், அஞ்சு நிமிஷ வேலை என்று கடிதத்தில் அளந்திருந்தேன்.

காலை ஏழு மணிக்கு ஈப்போவில் பஸ். தாப்பாவில் மாறினால் மலைமேல் உள்ள தானா ராத்தா டவுனுக்கு முப்பத்தேழு மைல், இரண்டு மணி நேரம், டிக்கெட் மூன்று மலேசிய வெள்ளி. வளைவுகளில் வயிற்றைப் புரட்டும். வெறும் வயிற்றோடு ஏறுங்கள். பாதி வழியில்தான் நினைவு வந்தது, வாங்கிய பேட்டரிகளைக் கடையிலேயே வைத்துவிட்டேன். தானா ராத்தாவில் தேடினேன். அந்த வகை கிடைக்கவில்லை. அதே அளவில் சாதாரண பேட்டரி நான்கு வாங்கினேன்.

தோட்டத்து லோரியில் ஐந்து மைல். வீட்டில் வெந்நீர், கோழிக்கறி, "ஈப்போ இஞ்சினியர்" என்ற பட்டம். உண்மையைச் சொல்லாமல் அந்தச் சாதாரண பேட்டரிகளையே பற்றவைத்து, கறுப்பு டேப் சுற்றி மூடினேன். ஃபிளாஷ் பளிச்சென்று அடித்தது. மீனா கைதட்டினாள்.

சாதாரண பேட்டரியே ஒரு கல்யாணத்துக்குத் தாங்கியிருக்கும். சார்ஜில் மட்டும் போடக் கூடாது, போட்டால் கசிந்து கெட்டுவிடும். சொன்னால் குட்டு உடைந்துவிடும். அண்ணன் சாயங்காலமே சார்ஜில் போட்டார். அந்தச் சின்ன சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டேதான் நான் சாப்பிட்டேன்.

மறுநாள் பனிமூட்டம், கோயிலுக்குள் இருட்டு. தாலி கட்டும்போது அண்ணன் அமுக்கினார். ஒளி வரவில்லை. மறுபடி அமுக்கினார். மூடியின் இடுக்கில் பசை கசிந்திருந்தது.

"தோட்டத்துக் கரண்டு கோளாறுண்ணே" என்றேன், கூச்சமே இல்லாமல்.

அவர் நம்பிவிட்டார். "நாந்தாம்மா ரொம்ப நேரம் சார்ஜ் போட்டுக் கெடுத்துட்டேன். தம்பிய ஒண்ணும் சொல்லாதே லா" என்று மீனாவிடம் சொன்னார். அவள் அழுதாள். என்னை அவரே மோட்டார் சைக்கிளில் பஸ்ஸுக்குக் கொண்டுவந்து விட்டு, இரண்டு பொட்டலம் தேயிலைத்தூளும் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். இப்போது எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

போகிறவர்கள் குடை எடுத்துக்கொள்ளுங்கள், பிற்பகலில் மழை வரும். காய்கறியைக் கியா பார்ம் சந்தையில் வாங்குங்கள். பேட்டரி மாற்றினால் பழைய வகையையே போடுங்கள். வேறு போட்டால் வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள்.

அண்ணன் இப்போது இல்லை. போன மாதம் மீனா ஆல்பத்தைக் காட்டினாள். கோயில் வாசல் இருக்கிறது, பந்தி இருக்கிறது, நடுவில் ஒரு பக்கம் காலி.

"எங்கண்ணன் அன்னிக்கு கோட்டை விட்டுட்டாரு லா" என்று சிரித்தாள்.

நானும் சிரித்தேன்.