சிவப்பு நிறத்துக்குள் இருந்த முடிவு

ரத்த வங்கியின் கணினியில் ஓடும் மென்பொருளை எழுதியவரை அங்கிருந்தவர்கள் ‘பிரிவினைக்காரர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். இருப்பைக் கணக்கிடும் பகுதிக்குத் திரை ஒன்று இருப்பதே தெரியக்கூடாது, திரைக்கு அச்சிடும் பகுதியைத் தெரியக்கூடாது என்று எல்லாவற்றையும் தனித்தனியாக எழுதுவார். இன்று எந்தக் கருவியைக் கொண்டு திரையை வரைந்தாலும் நாளை அதைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்ட முடிய வேண்டும் என்பது அவர் பிடிவாதம். அதை யாரும் சோதித்துப் பார்த்ததில்லை.

சோதனை அவருடைய அக்கா வழியாக வந்தது. அதே வங்கியில் தொலைபேசி மேசை அக்காவுடையது. மருத்துவமனைகள் கேட்கும் ரத்த வகையைத் திரையில் பார்த்துச் சொல்ல வேண்டும். பார்வை மங்கிக்கொண்டே போய், எழுத்துகள் கரைந்துவிட்டன. மாதக் கடைசியில் அந்த இடத்துக்கு வேறு ஆள் என்று பொறுப்பு டாக்டர் சொல்லிவிட்டார்.

“திரையைக் கழட்டிட்டு, வாய்விட்டுச் சொல்ற மாதிரி ஒண்ணு மாட்டிடறேன்க்கா. உள்ளே ஒரு வரியைக்கூடத் தொட வேண்டாம்.”

“வீட்டுக் குழாயைக் கழட்டினப்பவும் இப்படித்தான்டா சொன்னே. தெருவே நனைஞ்சுது.”

மாட்டி முடித்ததும், டாக்டர் முன்னால் அக்கா விசையை அழுத்தினார். ‘ஓ நெகட்டிவ், மூன்று பை’ என்றது குரல்.

டாக்டர் பக்கத்து மேசையின் திரையைப் பார்த்தார். “இதுல ரெண்டு சிவப்பா இருக்கே. காலாவதியானது. இதை நம்பி உங்களை எப்படிம்மா உக்கார வைக்கறது?”

தம்பிக்கு உடனே புரிந்துவிட்டது. பையின் தேதியைப் பார்த்துச் சிவப்பாக்கும் வரியை, கைக்கு எளிதாக இருந்ததென்று, திரை வரையும் இடத்திலேயே எழுதியிருந்தார். திரையோடு அதுவும் கழன்றுவிட்டது. ரத்தம் கெடும் என்பதே உள்ளே இருந்த கணக்குக்குத் தெரியாது. நிறத்தை நாம் அலங்காரம் என்றே நினைக்கிறோம். அதற்குள் ஒரு முடிவு எடுக்கப்பட்டிருப்பது கண்ணில் படுவதில்லை.

“அக்கா மேல தப்பில்ல டாக்டர், என் மேலதான். நாளைக்கு ஒரு தடவை பாருங்க.”

“ஒரே ஒரு தடவை.”

வெளியே வந்ததும் அக்கா கேட்டார்: “நான் மூணுன்னு சொல்லி, ஆஸ்பத்திரியிலயும் அந்த ரத்தத்தை ஏத்தியிருந்தா?”

அதற்குமேல் அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று தம்பிக்கு இருந்தது.

சிவப்பாக்கும் வரியை உள்ளே இடம் மாற்றியதோடு அவர் நிற்கவில்லை. திரையில் இருந்த ஒவ்வொரு நிறத்தையும் தடித்த எழுத்தையும், உனக்கு மட்டும் என்ன தெரியும் என்று கேட்பதுபோல் பார்த்துக்கொண்டு போனார். திரையில் வெளிறிய நிறத்தில் காட்டப்பட்ட பைகளும் அகப்பட்டன. அவை அறுவை சிகிச்சைக்கு ஒதுக்கியவை. அந்தச் சேதியும் திரைக்கு மட்டுமே தெரிந்திருந்தது. அதையும் உள்ளே கொண்டுபோய் வைத்தார்.

மறுநாள் டாக்டர் நின்றுகொண்டிருக்கும்போதே பி நெகட்டிவ் கேட்டு ஓர் அழைப்பு வந்தது. அக்கா விசையை அழுத்தினார். ‘பி நெகட்டிவ். கொடுக்கக்கூடியது இரண்டு. காலாவதி ஒன்று. ஒதுக்கியது ஒன்று.’

டாக்டர் திரையைப் பார்த்தார், தலையசைத்தார்.

“ரெண்டு இருக்கு, வண்டியை அனுப்புங்க” என்றார் அக்கா.

டாக்டர் தன் அறைக்குக் கிளம்பினார். “அடுத்த போனையும் நீங்களே எடுங்கம்மா.”