சுருட்டை விரியனுக்கு அப்ரூவல்

வந்தவர்கள்:

சின்ன முதலாளி. வெளிநாட்டில் படித்தவர். நடப்பதற்கென்றே தனி ஷூ வைத்திருப்பவர்.

திவ்யா மேடம். எச்.ஆர். கையில் சுருட்டிய பேனர்.

பிரவீன். மெர்ச்சண்டைசர். துணி வாங்கும் வெளிநாட்டு பையருக்கும் கம்பெனிக்கும் நடுவில் ஒரு போனோடு வாழ்கிறவன்.

எஸ்தர். தையல் செக்ஷன். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவர். ஒன்பது மணிக்குச் சர்ச்சில் இருந்தாக வேண்டியவர்.

நான். கட்டிங் மாஸ்டர். படிப்பு ஐந்தாவது.

லியோ. சின்ன முதலாளியின் லேப்ரடார். ஏசி இல்லாமல் தூங்காது.

வேஸ்ட்டு. கம்பெனி நாய். பெட்டை.

துணி வெட்டினால் ஓரத்துண்டு மிஞ்சும். அதைக் கட்டிங் வேஸ்ட் என்போம். மூட்டை கட்டி வைப்போம். அப்படி ஒரு மூட்டையின் மேல்தான் இந்த நாய் பிறந்தது. பெயரை யாரும் யோசித்து வைக்கவில்லை. என் மேஜைக்கு அடியில் படுத்திருக்கும். நானும் பேச மாட்டேன், அதுவும் குரைக்காது. கம்பெனியில் எனக்கு ஒத்துவந்த ஆள் அது ஒன்றுதான்.

1. மகிழ்ச்சிக்கான ஏற்பாடு

திங்கட்கிழமை ஆடிட். பையர் ஓர் ஆளை அனுப்பி கம்பெனியைச் சோதிப்பான். கக்கூஸ் கதவு சாத்துகிறதா, தீயணைக்கும் சிலிண்டரில் தூசி இருக்கிறதா என்று பார்ப்பான். இந்த வருடம் புதிதாக ஒன்று கேட்டிருந்தான். தொழிலாளர்கள் மகிழ்ச்சியாக இருக்கிறார்களா? இருக்கிறார்கள் என்றால் போட்டோ வேண்டும்.

திவ்யா மேடம் ஞாயிற்றுக்கிழமை ட்ரெக்கிங் என்று நோட்டீஸ் ஒட்டினார். சேவூர்ப் பக்கம் ஒரு கரடு, சின்னக் குன்று. ஆடு மேய்க்கிறவர் அதில் தினமும் ஏறி இறங்குகிறார். அவருக்கு யாரும் டி-சர்ட் கொடுத்ததில்லை. எங்களுக்குக் கொடுத்தார்கள். ஏதோ ஓர் ஆர்டரில் கழிந்தது. என்னுடையது எனக்கும் என் சம்சாரத்துக்கும் சேர்த்துப் போதும்.

டி-சர்ட் கொடுக்கும்போதே மேடம் இன்னொன்றும் சொன்னார்.

"மாஸ்டர், ஃபேக்டரிக்குள்ள நாய் இருக்கக்கூடாதுங்க. ஆடிட்ல மைனஸ் போட்டுருவாங்க. திங்கக்கெழம அது இங்க இருக்க வேண்டாமுங்க."

"எங்கீங்க போகும்?"

"அது உங்களுக்குத்தானுங்க தெரியும்."

தொழிலாளர் மகிழ்ச்சிக்கான வேலை இப்படித் தொடங்கியது.

சேவூரில் என் மச்சானுக்குத் தோட்டம் இருக்கிறது. நடை முடிந்ததும் அங்கே விட்டுவிடலாம் என்று வேஸ்ட்டை மொபெட்டில் கால் வைக்கும் இடத்தில் உட்கார வைத்துக் கூட்டிப் போனேன். வழியெல்லாம் காற்றுக்கு மூக்கை நீட்டிக்கொண்டு வந்தது. உல்லாசப் பயணம் என்று நினைத்திருக்கும்.

அடிவாரத்தில் மேடம் கேட்டார். "மாஸ்டர், மொத்தம் எத்தனைங்க?"

எண்ணுவது என் பழக்கம். மேஜையில் துணி விரித்தால் எத்தனை அடுக்கு என்று எண்ணாமல் கத்தி வைப்பதில்லை.

"ஏழுங்க."

"அஞ்சு பேர்தானுங்களே இருக்கறோம்?"

"நாயோடங்க."

"நாயெல்லாம் கணக்குல வராதுங்க மாஸ்டர். அஞ்சுன்னு எழுதுனா நல்லாவும் இருக்காது. நாப்பதுன்னு போட்டுக்கறேன்."

முப்பத்தைந்து பேர் வராமலே மகிழ்ச்சி அடைந்தார்கள்.

2. பிஸ்கட்

பாதி ஏறியதும் ஒரு தட்டைப் பாறை. பேனரைப் பிரித்தார்கள். எஸ்தர் ஒரு முனை, நான் ஒரு முனை. சிரிக்கச் சொன்னார்கள்.

"மாஸ்டர், இன்னுங் கொஞ்சம் சிரிங்க."

"சிரிச்சுட்டுத்தானுங்க இருக்கறேன்."

"மாஸ்டர் அண்ணாச்சி சிரிச்சாவளா? எனக்குத் தெரியலியே" என்றார் எஸ்தர். "மேடம், ஒம்பதுக்குள்ள விட்டுருவியளா? பாஸ்டர் என் இடத்தைத்தான் மொதல்ல பாப்பாரு."

சின்ன முதலாளி லியோவுக்கு பிஸ்கட் போட்டார். எலும்பு வடிவத்தில் இருக்கும் விலை கூடிய பிஸ்கட். ஒன்று உருண்டு பாறை இடுக்கில் விழுந்தது. லியோ அதைப் பார்த்தது. குனிய வேண்டும் என்று தெரிந்ததும் விட்டுவிட்டது. வேஸ்ட்டு விடவில்லை. தலையை இடுக்குக்குள் நுழைத்தது.

அப்போது ஒரு சத்தம் கேட்டது. சாக்கைச் சிமெண்டுத் தரையில் இழுத்தால் வருமே, அந்தச் சத்தம். தையல் மெஷின் பக்கத்திலேயே காலம் போனதால் எனக்குக் கொஞ்சம் செவிடு. எனக்கே கேட்டது.

வேஸ்ட்டு கத்திக்கொண்டு பின்னால் வந்தது. மூக்குக்குக் கீழே மேலுதட்டில் இரண்டு சிவப்புப் புள்ளி. இடுக்கின் வாயில் ஒரு முழம்கூட இல்லாத பாம்பு. மண் நிறம். வளைந்து வளைந்து உடம்போடு உடம்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தது.

எல்லோரும் பின்னால் வந்தோம். பேனர் கீழே விழுந்தது. அதில் 'மகிழ்ச்சியான குடும்பம்' என்று எழுதியிருந்தது.

3. கன்ஃபர்மேஷன்

எங்கள் தொழிலில் அப்ரூவல் இல்லாமல் ஒன்றும் நகராது. நூலின் நிறத்துக்கு அப்ரூவல். பட்டனுக்கு அப்ரூவல். பட்டனில் இருக்கும் ஓட்டைக்கு அப்ரூவல். பையர் ஓகே சொல்லும்வரை கோடி ரூபாய்த் துணி இருந்தாலும் தொட மாட்டோம். கை அப்படிப் பழகிவிட்டது.

பிரவீன் தள்ளி நின்று பாம்பைப் போட்டோ எடுத்தான். பாம்பு தெரிந்தவர்கள் இருக்கிற வாட்ஸப் குரூப் ஒன்றுக்கு அனுப்பினான்.

"விஷப் பாம்பான்னு கேட்டிருக்கறேனுங்க. கன்ஃபர்மேஷன் வரட்டுமுங்க."

நாங்களும் சரி என்று நின்றோம்.

அவன் சும்மா இருக்கவில்லை. கூகுளில் படங்களை எடுத்து ஷேடு பார்த்தான். "சுருட்டை விரியன்னு ஒண்ணு இருக்குதுங்க. பேட்டர்ன் மேட்ச் ஆகுது. ஆனா கலர் கொஞ்சம் டல்லா இருக்குதுங்களே மாஸ்டர்?"

நானும் எட்டிப் பார்த்தேன். கொஞ்சம் டல்லாகத்தான் தெரிந்தது. காலை வெயில், போன் வெளிச்சம், இரண்டையும் கழித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எய்யா, நாய்க்கு மூஞ்சி வீங்குது!" எஸ்தர் போட்ட சத்தத்தில் லியோவே உட்கார்ந்துவிட்டது. "இங்க என்ன சேலையா எடுக்கிய? கலர் பாத்துட்டு நிக்கிய?"

அப்போதுதான் குனிந்து வேஸ்ட்டைப் பார்த்தேன். ஒரு பக்க முகம் இரண்டு மடங்காகியிருந்தது. ஈறிலிருந்து ரத்தம் கசிந்தது. என் காலடியில் படுத்திருந்தது. மேஜைக்கு அடியில் படுக்கிற அதே படுக்கை.

"கடிச்ச எடத்துக்கு மேல இறுக்கிக் கட்டோணுமுங்க" என்றான் பிரவீன். பேனர் கயிற்றை அவிழ்த்தும் விட்டான்.

"மேலன்னா கழுத்துல்லா இருக்கு, தம்பி? பாம்பு விட்டு வச்சதை நீரு முடிச்சிராதேயும்" என்றார் எஸ்தர்.

கயிற்றைக் கீழே போட்டான்.

4. லியோவுக்குத்தாங்க

சின்ன முதலாளி போனை ஸ்பீக்கரில் போட்டு லியோவின் டாக்டரைக் கூப்பிட்டார். அவிநாசியில் கிளினிக்.

"பாம்பு கடிச்சிருச்சுங்களா? லியோவையா? அடக் கடவுளே."

"டாக்டர், கம்பெனி நாய் ஒண்ணுங்க…"

"தம்பி, ஞாயித்துக்கெழம கிளினிக் லீவுங்க. விஷ முறிவு மருந்தும் கொஞ்சந்தான் இருக்குது. தெரு நாய்க்கெல்லாம் தொறக்க ஆரம்பிச்சா முடியாதுங்க. லியோவுக்குன்னா சொல்லுங்க, இப்பவே வர்றேன்."

சின்ன முதலாளி லியோவைப் பார்த்தார். லியோ புல்லைத் தின்று துப்பிக்கொண்டிருந்தது. வேஸ்ட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"லியோவுக்குத்தாங்க டாக்டர். இவங்க பேச்சுல எனக்குக் கொழப்பமாயிருச்சு. வந்துட்டே இருக்கறோம்."

வேஸ்ட்டை டி-சர்ட்டில் ஏந்தி இறங்கினேன். அந்த அளவுக்கு அன்றுதான் ஒரு பயன் தெரிந்தது. வெற்றுடம்போடு முதலாளி காரில் ஏறியது அதுவே முதல் தடவை. மற்றவர்களும் நெருக்கி ஏறிக்கொண்டார்கள். வெள்ளைத் தோல் சீட்டில் ரத்தம் சொட்டியது. துடைக்கப் போனேன்.

"விடுங்க மாஸ்டர்" என்றார். அவரைப் பற்றி நான் வைத்திருந்த அபிப்பிராயத்தில் பாதியை அவிநாசி போய்ச் சேர்வதற்குள் மாற்ற வேண்டியதாயிற்று.

டாக்டர் கதவைத் திறந்தார். காரிலிருந்து முதலில் இறங்கியது லியோ. அவர் கையை நக்கியது.

"லியோ நல்லாத்தானுங்களே இருக்குது?"

"அது வேறங்க டாக்டர்" என்றார் சின்ன முதலாளி. "இதுதானுங்க லியோ."

டாக்டர் என் கையில் இருந்ததைக் குனிந்து பார்த்தார். "தடுப்பூசிக்கு வந்தப்ப ஆம்பளையா இருந்துச்சுங்களே?"

எஸ்தர்தான் பதில் சொன்னார். "நோவு வந்தா ஆளு கொஞ்சம் மாறத்தான செய்யும், டாக்டர் ஐயா."

டாக்டர் எங்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுக் கை கழுவப் போனார்.

"சரிங்க. லியோவைத் தூக்கி மேசை மேல வைங்க."

5. கண்ணாடிக் குழாய்

மருந்து ஏற்றினார். கொஞ்சம் ரத்தம் எடுத்துச் சின்னக் கண்ணாடிக் குழாயில் விட்டு ஜன்னலோரம் நிறுத்தினார்.

"அசைக்காதீங்க. ரத்தம் உறைஞ்சா மருந்து கேக்குதுன்னு அர்த்தம். தண்ணியா ஓடுனா விஷம் இன்னும் இருக்குது."

புதுத் துணி வந்தால் நாங்கள் ஒரு துண்டு வெட்டித் துவைத்து, சுருங்குகிறதா என்று பார்ப்போம். அது தெரியும்வரை நிற்க வேண்டும். எத்தனையோ துணிக்கு நின்றிருக்கிறேன். கால் வலித்ததில்லை. அன்று வலித்தது.

டாக்டர் வந்து குழாயைச் சாய்த்தார். தண்ணீராக ஓடியது.

"இன்னும் மருந்து வேணுமுங்க. எங்கிட்ட தீர்ந்துருச்சு."

இங்கே பிரவீனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஏற்றுமதிக்கு முந்தின நாள் பட்டன் தீர்ந்துபோனால் அவன்தான் தேடுவான். எங்கிருந்தாவது வந்துவிடும். அன்றும் போனைக் காதில் வைத்தான். மெடிக்கல் மெடிக்கலாகக் கெஞ்சினான், மிரட்டினான், அண்ணா என்றான். திருப்பூரில் ஒரு கடையில் இருந்தது. என் மொபெட் கரட்டடியில் நின்றது. திவ்யா மேடம் கார் சாவியை வாங்கிக்கொண்டு அவனை ஏற்றிப் போனார். அவர் அவ்வளவு வேகமாக ஓட்டுவார் என்று எனக்குத் தெரியாது. ரத்தம் பட்ட சீட்டில் பேனரை விரித்து உட்கார்ந்து போயிருக்கிறார்கள். அந்தத் துணிக்கும் ஒரு பயன் வந்தது.

மருந்து வந்தது. ஏற்றினார். வேஸ்ட்டு கண்ணைத் திறக்கவில்லை. வயிறு ஏறி இறங்குவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். எஸ்தர் மூலையில் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தார். பாஸ்டர் பார்க்காத ஜெபம்.

மத்தியானம் தாண்டி அடுத்த குழாய். ஜன்னலோரம் நின்றது. என் ஆயுளில் யாரிடமும் எதற்கும் அப்ரூவல் கேட்டுக் கைகட்டி நின்றதில்லை, சம்பளத்துக்காக நின்றதைத் தவிர. இதற்கு நின்றேன்.

டாக்டர் குழாயைத் தலைகீழாகக் கவிழ்த்தார்.

விழவில்லை. கட்டியாக ஒட்டிக்கொண்டு நின்றது.

"லியோ பொழச்சுக்கும்ங்க" என்றார் டாக்டர்.

வெளியே கிடந்த லியோ வாலை ஆட்டியது.

சாயங்காலம் பிரவீனின் போனுக்குக் குரூப்பிலிருந்து பதில் வந்தது. படம் தெளிவாக இல்லை, மறுபடி எடுத்து அனுப்பவும் என்று. என்னிடம் காட்டினான்.

"போயி எடுத்துட்டு வர்றயா?"

"இல்லீங்க மாஸ்டர்."

6. பிறகு

ஆடிட் அன்று கம்பெனிக்குள் நாய் இல்லை. கிளினிக்கில் இருந்தது. மேடம் கேட்டபடியே ஆயிற்று.

தேறியதும் சேவூருக்குக் கொண்டுபோய் விடப் போனேன். சின்ன முதலாளி தடுத்தார்.

"எங்கீங்க மாஸ்டர் கூட்டிட்டுப் போறீங்க?"

"மச்சான் தோட்டத்துக்குங்க. மேடம் சொல்லியிருந்தாங்க."

"கிளினிக் கார்டுல லியோன்னு இருக்குது. லியோ எங்க ஊட்டு நாயிங்க. அத எப்படீங்க தோட்டத்துல விடறது?"

மேடமும் அங்கேதான் நின்றார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வேஸ்ட்டு பழையபடி என் மேஜைக்கு அடியில் வந்து படுத்தது.

நோட்டீஸ் போர்டில் ஒரு செய்தி ஒட்டினார்கள். தொழிலாளர்களைக் காப்பாற்றப் பாம்பின் மேல் பாய்ந்த வீர நாய் என்று. பிஸ்கட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நானும் திருத்தவில்லை. வீரர்கள் பலரும் இப்படித்தான் ஆகியிருப்பார்கள்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுதான் உண்டு. அப்ரூவல் வரும்வரை துணியில் கத்தி வைக்காதீர்கள். பாம்பு கடித்தால் அப்ரூவலுக்கு நிற்காதீர்கள். கட்ட வேண்டாம், கீற வேண்டாம், நிறம் பார்க்க வேண்டாம். வண்டியில் ஏற்றுங்கள். யார் பெயரில் ஏற்றுகிறீர்கள் என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்த நடைக்குக் கரடு வேண்டாம் என்று முடிவாயிற்று. கம்பெனி காம்பவுண்டுச் சுவரையே சுற்றினோம். வந்தது அதே ஆட்கள். எஸ்தர் முதலிலேயே சர்ச்சில் சொல்லிவிட்டு வந்திருந்தார். வேஸ்ட்டுக்கு மேலுதடு ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. எப்போதும் சிரிப்பது போல் இருக்கும். போட்டோவுக்கு என்னைவிட அது தேவலை.

மேடம் பேனாவைத் திறந்தார். "மாஸ்டர், மொத்தம் எத்தனைங்க?"

ஒவ்வொன்றாக எண்ணினேன். சொன்னேன். அவர் மறுபேச்சுப் பேசாமல் எழுதிக்கொண்டார்.

ஏழு.