அந்தச் சொல்லை வாசித்தவர்

மாத்தளையில் நான் கணக்குப் படிப்பித்தபோது, பக்கத்து வகுப்பில் ஆங்கில இலக்கியம் எடுத்தவர் இரத்தோட்டைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வந்தவர். மெலிந்த மனிதர். சட்டையின் கழுத்துப் பொத்தானைக்கூடப் பூட்டியிருப்பார். பாடநூலான பழைய வெள்ளைக்கார நாவலை அவர் வாசித்தால், தட்டிக்கு இப்பால் என் மாணவர்களும் கணக்கை மறந்து கேட்பார்கள். தோட்டத்துச் சனங்களைக் ‘கூலி நாய்கள்’ என்று ஏசும் இடங்களை மட்டும் தாண்டிப் போய்விடுவார்.

ஒருநாள் பாடம் பார்க்க வந்த அதிகாரி அவரை நிறுத்தினார். “ஏன் விட்டீங்க? பரீட்சைக்கு வருமே, வாசிங்க.”

வாசித்தார். தோட்டத்துப் பிள்ளைகள் தலை குனிந்ததாகப் பிறகு சொன்னார்.

“வேற புத்தகம் கேட்கலாமே சேர்?” என்றேன்.

“இவ்வளவு அழகா எழுதின புத்தகம் நான் படிச்சதில்லைங்க. அதுதான் வேதனை. வாசிச்சா, கொழுந்து பறிக்கிற எங்கம்மாவை நானே ஏசுற மாதிரி இருக்கு. விட்டுட்டா, எழுதினவன் நல்லவன்னு பிள்ளைங்க நம்பிருவாங்க. எந்தப் பக்கம் போறது?”

மறுநாள் அவராகவே அந்தச் சொல்லை வாசித்தார்.

“கோவம் வருது சேர்” என்றது ஒரு பெண்பிள்ளையின் குரல்.

“எனக்கும்தான்” என்றார். “அடுத்த வரிக்குப் போவோம்.”

அந்த வரியையும் எப்போதும்போல அழகாகவே வாசித்தார். அது அவரால் எப்படி முடிந்ததென்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.