சித்தியின் ஒரே ஸ்லைடு

என் சித்தி ஒன்பதாம் வகுப்புக்குப் புவியியல் எடுக்கிறாள். பிள்ளைகள் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் பூகம்பம். பாடத்துக்கும் பொருந்தும், குரலுக்கும் பொருந்தும். மாடியில் அவள் எரிமலையைப் பற்றிப் பேசினால் கீழே கணக்குப் போடுகிறவர்கள் நிமிர்ந்து கூரையைப் பார்ப்பார்கள். இந்தப் பெயர் அவளுக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருப்பதில் அவளுக்கு ஒரு சுகம்.

பல வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் அவள் வீட்டு மாடி அறையில் வந்து இறங்கியிருந்தேன். சித்தப்பா என்னை சூட்கேஸ் என்றுதான் கூப்பிடுவார். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். எதிரில் யார் உட்கார்ந்தாலும் கண்ணைச் சுருக்குகிறார்களா என்று கவனித்துக்கொண்டே பேசுவார்.

நான் வந்த மாதத்தில்தான் தலைமையாசிரியை அந்த அறிவிப்பைச் செய்தார். எல்லா வகுப்பறையிலும் திரை மாட்டியாகிவிட்டது. மேலிடத்திலிருந்து ஒரு அதிகாரி வந்து, ஒவ்வொருவரும் திரையில் பாடம் நடத்துவதை உட்கார்ந்து பார்ப்பார். தேறாதவர்களுக்கு அடுத்த ஆண்டு மேல் வகுப்புகள் கிடையாது. சித்தி தேறவில்லை என்றால் அவளுக்கு நூலகப் பொறுப்பு.

"நூலகத்துல பேசவே கூடாதாம்டி. அங்க கொண்டுபோய் என்னைப் போட்டா நான் என்ன ஆவேன்?" என்றாள் சித்தி.

"நூலகம் என்ன ஆகும்னு யோசி," என்றார் சித்தப்பா.

சித்தி சிரிக்கவில்லை. ஒன்பதாம் வகுப்பை அவள் வேறு யாருக்கும் கொடுக்கத் தயாராக இல்லை. அந்த வயதில்தான் பிள்ளைகள் பதில் சொல்வதை நிறுத்திவிட்டுக் கேள்வி கேட்கத் தொடங்குவார்கள் என்பது அவள் கணக்கு. பத்தாவது வந்தால் தேர்வுக்கு எது வரும் என்பதைத் தவிர வேறு கேள்வியே வராது.

அவளுக்குச் சொல்லிக்கொடுக்க, சாப்பாட்டு மேசையில் என் மடிக்கணினியைத் திறந்து வைத்தேன். பயப்படுவாள் என்று நினைத்திருந்தேன். அவளோ பக்கத்து வீட்டுக்கு வந்த புது மருமகளை விசாரிப்பது போல அதை விசாரித்தாள். இது எதுக்கு, அது ஏன் சாம்பல் நிறத்தில் கிடக்கு, இதை அழுத்தினா யாருக்காவது தெரிஞ்சிடுமா. ஒரு நாள் மாலை முழுவதும் ஒரு கோட்டோடு உட்கார்ந்திருந்தாள். வளைகோடு ஒன்றை வரைந்து அதைத் திருத்தப் போனால், கோட்டின் மேல் சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளிகள் வரும். ஒன்றைப் பிடித்து இழுத்தால் கோடு அங்கே வளையும். அவள் இழுத்தாள், விட்டாள், வேறொன்றை இழுத்தாள்.

"ஆறு இப்படித்தான் பண்ணும்," என்றாள் யாரிடமோ.

அடுத்த வாரம் அவள் செய்து வைத்திருந்ததைப் பார்த்தேன். ஒரே ஒரு ஸ்லைடு இருந்தது.

"மீதி எங்க சித்தி?"

"மீதின்னா? இதை நடத்தி முடிச்சதும் அழிச்சிட்டு அடுத்ததை எழுத வேண்டியதுதானே."

புது ஸ்லைடு எப்படிச் சேர்ப்பது என்று காட்டினேன். அவள் இரண்டையும் முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தாள்.

"அப்ப இது ஒரு போர்டு இல்லை. போர்டுக்குப் பின்னாடி போர்டு, அதுக்குப் பின்னாடி இன்னொண்ணு."

"ஆமா."

"இதை முதல்லயே சொல்றதுக்கு என்ன? ஊரெல்லாம் சுத்தி என்னத்தைக் கத்துக்கிட்டு வந்தே."

அதன்பின் வேகம் பிடித்தது. மலையில் ஆறு, சமவெளியில் ஆறு, கடலைச் சேரும் ஆறு என்று ஸ்லைடுகள் வரிசையாக நின்றன. எல்லாம் ஒரு பென் டிரைவில். ஒரே பொருளை இரண்டு இடத்தில் வைப்பது அவளுக்குப் பிடிக்காத காரியம், அதனால் என் கணினியில் பிரதி கிடையாது.

அதிகாரி வருவதற்கு முந்தைய நாள் பள்ளியிலேயே ஒத்திகை. துணைக்குக் கணினி ஆசிரியர் இருந்தார். இளைஞர். எந்த அறைக்குள் நுழைந்தாலும் மின் இணைப்பு எங்கே என்று முதலில் சுவரைத்தான் பார்ப்பார் என்பதால் பிள்ளைகள் அவரை ப்ளக் பாயின்ட் என்பார்கள். ஒத்திகை பிரமாதமாக நடந்ததாம். சித்தி முகமெல்லாம் சிரிப்பாக வீடு வந்தாள்.

"சார் அசந்துட்டாரு. கடைசி ஸ்லைடு முடியவும் மணி அடிக்கவும் சரியா இருந்துச்சு. மணி அடிச்சதும் அவர் கிளம்பிட்டாரு. நான் எல்லாத்தையும் சுத்தமா அழிச்சு வெச்சிட்டு வந்தேன்."

சித்தப்பாவின் கை தட்டிலேயே நின்றது. "எதை அழிச்சே?"

"போர்டைத்தான். அடுத்த பீரியடுக்கு வர்றவங்களுக்கு நம்ம எழுத்தை விட்டுட்டு வர முடியுமா? அசிங்கம் இல்லையா. அதான் ஒவ்வொண்ணா..." சொல்லிக்கொண்டே வந்தவள் வாக்கியத்தின் நடுவில் எங்கோ நின்றுவிட்டாள்.

பென் டிரைவைச் செருகிப் பார்த்தேன். ஸ்லைடுகள் எல்லாம் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றும் துடைத்துவிட்ட மாதிரி வெள்ளையாக இருந்தது. அழித்ததை ஒழுங்காகச் சேமித்தும் இருந்தாள்.

சித்தி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். சித்தப்பா ஒரு கேலியும் செய்யவில்லை. அதிலிருந்தே நிலைமை எவ்வளவு மோசம் என்று தெரிந்தது.

"நூலகம்தான்," என்றாள்.

"நான் உட்கார்ந்து திரும்பப் பண்ணித் தரேன் சித்தி."

"நீ பண்ணினா அது உன் பாடம்." பிறகு அவளே கேட்டாள், "அழிச்சதெல்லாம் எங்க போகும்?"

"மூடிட்டா போச்சு. மூடறதுக்கு முன்னாடின்னா திருப்பிடலாம்." கன்ட்ரோல், இசட் இரண்டையும் சேர்த்து அழுத்திக் காட்டினேன்.

"ஒண்ணைத்தான் திருப்புமா?"

"அழுத்த அழுத்த ஒவ்வொண்ணாத் திரும்பும். கடைசியாப் பண்ணினது முதல்ல."

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கணினியைத் தன் பக்கம் இழுத்தாள். நீலத்தில் ஒரு கோடு வரைந்தாள். அதன் புள்ளிகளை ஒவ்வொன்றாக இழுத்து வளைத்தாள். பிறகு ஒரு விரலை கன்ட்ரோலில் வைத்துக்கொண்டு இசட்டை மெல்லத் தட்டினாள். வளைவு ஒவ்வொரு படியாகத் தளர்ந்து, கோடு நேரானது. மறுபடி வளைத்தாள். மறுபடி தட்டினாள். சாப்பாடு ஆறிப்போனதை நாங்கள் இருவரும் அவளிடம் சொல்லவில்லை.

"ஒரு ஸ்லைடு போதும்," என்றாள் எழுந்தபோது.

மறுநாள் என் கணினியைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். கடைசி பெஞ்சில் இடம் கொடுத்தார்கள். எனக்கு முன்னால் தலைமையாசிரியையும் அதிகாரியும். அதிகாரி முழங்காலில் தாள் வைத்த அட்டையோடு, எந்தப் பக்கம் தலை ஆடும் என்று சொல்ல முடியாத முகத்தோடு இருந்தார்.

திரையில் பச்சைப் பின்னணி. சித்தி அதில் ஓர் ஆற்றை வரைந்தாள். "தண்ணி எந்தக் கரையில வேகமா மோதும்?" பிள்ளைகள் சொன்ன பக்கத்துப் புள்ளியை இழுத்தாள். மண் அரிபட்டது. எதிர்க்கரையில் வண்டல் சேர்ந்தது. இன்னொரு புள்ளி. வளைவு பெருத்து, பானையின் கழுத்து போல ஓரிடத்தில் குறுகியது. அங்கே ஒரு குறுக்குக் கோடு போட்டாள். வளைவின் இரண்டு வாயையும் பச்சைத் திட்டால் அடைத்தாள். ஆறு நேராகப் போனது. வளைவு மட்டும் குதிரைக் குளம்பு ஏரியாகத் தனியே நின்றது.

"இப்ப நீங்க அந்த ஏரிக்கரையில போய் நிக்கிறீங்க. பக்கத்துல ஆறு போகுது. ரெண்டும் ஒண்ணா இருந்துச்சுன்னு சொன்னா நம்புவீங்களா?"

முன்வரிசைப் பெண் ஒருத்தி, "ஏரி மழையில வந்திருக்கும் டீச்சர்," என்றாள்.

"அப்படியா," என்று சித்தி தட்டினாள். அடைப்புகள் விலகின. ஏரி ஆற்றோடு சேர்ந்தது. குறுக்குக் கோடு மறைந்தது. கழுத்து விரிந்தது. வளைவு இளைத்தது.

"இன்னொரு தடவை டீச்சர்," என்றது ஒரு குரல். பிறகு பல குரல்கள்.

"நிஜ ஆறு இப்படித் திரும்பிப் போகுமா?" என்று அதே பெண் கேட்டாள்.

"போகாது. அதுக்கு இந்த பட்டன் கிடையாது. அதனாலதான் நிலத்தைப் பார்த்து நாமளா முன்னாடி என்ன நடந்திருக்கும்னு கண்டுபிடிக்க வேண்டியிருக்கு."

நான் எத்தனையோ ஆறுகளைப் பாலத்தின் மேலிருந்து படம் எடுத்திருக்கிறேன். எதையும் பார்த்து, முன்பு எங்கே ஓடினாய் என்று கேட்கத் தோன்றியதில்லை.

இன்னும் தட்டினாள். பாதி வளைந்த இடத்தில் ஆறு நின்றுவிட்டது. மறுபடி தட்டினாள். அசையவில்லை. வகுப்பு அவளைப் பார்த்தது. தலைமையாசிரியை அதிகாரியைப் பார்த்தார்.

"நின்னுபோச்சு," என்றாள் சித்தி. அவமானம் எதுவும் குரலில் இல்லை. "ஏன்னு எனக்குத் தெரியலை. கேட்டுட்டு வந்து சொல்றேன். அதுவரைக்கும், இதுக்கு முன்னாடி ஆறு எப்படி இருந்திருக்கும்னு நீங்க உங்க நோட்டுல வரைங்க."

தலைகள் குனிந்தன. அதிகாரி எழுந்து பெஞ்சுகளுக்கு நடுவே நடந்தார். ஒவ்வொரு நோட்டிலும் ஒவ்வொரு ஆறு.

முடிந்ததும் வராந்தாவில் பேச்சு. "ஒரே ஒரு ஸ்லைடு. குறைஞ்சது எட்டு இருக்கணும்னு சுற்றறிக்கையில இருக்கே," என்றார் அதிகாரி.

"நேத்து வரைக்கும் இருந்துச்சுங்க," என்றாள் சித்தி. எப்படிப் போயிற்று என்பதை அவள் ஒளிக்காமல் சொன்னாள். தலைமையாசிரியை முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

அதிகாரி சிரிக்காமல் முழுக்கக் கேட்டார். "அந்த ஏரி பிரியற இடத்தை எனக்கு ஒரு தடவை காட்டுங்க. நான் அதைத் தப்பா நினைச்சிட்டிருந்தேன்." என் கணினியில் மறுபடி வரைந்து காட்டினாள். பார்த்துவிட்டுத் தாளில் கையெழுத்துப் போட்டார். தலைமையாசிரியை அதைப் படித்துவிட்டு, "ஒன்பதாவது உங்களுக்குத்தான். ஆனா அடுத்த தடவை எட்டு ஸ்லைடு," என்றார்.

"போடறேன்," என்ற சித்தி நன்றி சொல்ல மறந்து, ஆசிரியர் அறைக்கு விரைந்தாள். கணினி ஆசிரியர் தேநீரோடு உட்கார்ந்திருந்தார்.

"சார், ஒரு அளவுக்கு மேல பின்னாடி போக மாட்டேங்குது. ஏன்?"

"அதுக்கு ஞாபகம் அவ்வளவுதான் மேடம். வேணும்னா கூட்டிக்கலாம். செட்டிங்க்ஸ்ல இருக்கு."

"கூட்டலாமா?" என்று அவருக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டாள். "எவ்வளவு தூரம்?"