வயிற்றுப் பரீட்சை

என் கணவருக்கு எந்தப் பரீட்சை என்றாலும் பாஸ் பண்ணியாக வேண்டும். செம்பூரில் எங்கள் காலனியில் பாதிப் பேர் அப்படித்தான். ரத்தப் பரிசோதனைக்கு முந்தின வாரம் முழுக்க சர்க்கரை இல்லாத காபி, ரிப்போர்ட் வந்த அன்றைக்கு மைசூர்பாகு. யாரை ஏமாற்றுகிறோம் என்று ஒருத்தரும் யோசிப்பதில்லை.

அவருக்கு ரொம்ப நாளாக நெஞ்செரிச்சல். படுத்தால் புளித்த தண்ணீர் தொண்டை வரை வந்துவிடும். தூக்கத்தில் புரையேறி, மூச்சுத் திணறி எழுந்து உட்காருவார். இந்த மூச்சு திரும்பி வருமா என்று பயந்துகொண்டே நான் முதுகைத் தடவிக்கொண்டிருப்பேன். எந்த மாத்திரைக்கும் கேட்கவில்லை. கடைசியில் டாக்டர் ஒரு டெஸ்ட் எழுதினார். மூக்கு வழியாக ஒரு மெல்லிய குழாயை உணவுக்குழாய்க்குள் விட்டு, ஒரு நாள் முழுக்க அமிலம் எவ்வளவு மேலே ஏறுகிறது என்று பார்ப்பார்களாம். ஏறினால் வயிற்றின் வாயை இறுக்கிவிட ஆபரேஷன். ஏறாவிட்டால் கோளாறு வேறெங்கோ.

குழாயை மாட்டி, அளவு பதிகிற சின்னப் பெட்டியை இடுப்பில் கட்டிவிட்ட பெண் தெளிவாகத்தான் சொன்னாள். "அங்கிள், ஜோ ரோஸ் காதே ஹோ, வஹி கானா." தினமும் சாப்பிடுவதையே சாப்பிடுங்கள் என்று. அது என்ன என்று எனக்குத் தெரியாதா? காலையில் இரண்டு டம்ளர் காபி, மத்தியானம் வத்தக்குழம்பு, சாயங்காலம் ஸ்டேஷன் வாசலில் பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டு வடாபாவ், ராத்திரி சாப்பிட்ட கையோடு படுக்கை.

அன்றைக்கு மனிதர் கஞ்சி கேட்டார். மத்தியானம் மோர் சாதம், அதிலும் உப்பு கம்மியாக. ஸ்டேஷன் பக்கமே போகவில்லை. ராத்திரி சாப்பிட்டதும் மூக்கில் குழாயோடு காம்பவுண்டைச் சுற்றிச் சுற்றி நடந்தார். அப்புறம் படுக்கவே இல்லை, நாற்காலியில் சாய்ந்தபடியே தூங்கினார்.

"ஏன்னா, யாருக்காக இந்த வேஷம்?" என்றேன்.

"நீ பேசாம இரு. மெஷின் பாத்துண்டிருக்கு."

ஆடிட் வந்தால் மேஜையைத் துடைத்து வைக்கிற புத்தி, ரிடையரான பிறகும் போகவில்லை.

ரிப்போர்ட் நார்மல். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார். சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். கட்டைவிரல்களாக வந்து குவிந்தன. அந்த சந்தோஷத்தில் மாட்டுங்காவுக்குப் போய் ரசவடை சாப்பிட்டு வந்தார். அன்றைக்குப் புரையேறியதில் எனக்குத்தான் உயிர் போய் வந்தது.

டாக்டர் ரிப்போர்ட்டைப் புரட்டிப் பார்த்து, அமிலம் காரணமில்லை, மாத்திரையை நிறுத்திவிட்டு நுரையீரல் டாக்டரைப் பாருங்கள் என்றார். இவர் பக்கத்தில் மெடல் வாங்கியவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கஞ்சியிலிருந்து நாற்காலி வரை எல்லாவற்றையும் எனக்குத் தெரிந்த ஹிந்தியில் கொட்டிவிட்டேன். டாக்டர் இவரை ஒரு பார்வை பார்த்தார். மறுபடியும் டெஸ்ட் எடுக்க வேண்டும் என்றார்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் திட்டத்தான் போகிறார் என்று நானும் பதிலைத் தயாராக வைத்திருந்தேன். சிக்னலில் நின்றபோது, என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"எப்பவும் போல சாப்ட்டா ஃபெயில்தான். கத்தி வெச்சுடுவா. நான் எழுந்துக்காம போயிட்டா நீ தனியா என்ன பண்ணுவே?"

நான் இத்தனை நாள் கேலி பண்ணிய கஞ்சியில் இவ்வளவு பயம் இருந்திருக்கிறது. ஆனாலும் எனக்குக் கோபம்தான் வந்தது. தினமும் அதே கேள்வியோடு அந்த முதுகைத் தடவிக்கொண்டிருப்பவள் நான்.

இரண்டாவது டெஸ்ட் அன்றைக்கு வத்தக்குழம்பைக் கெட்டியாக வைத்தேன். சாயங்காலம் நானே ஸ்டேஷன் வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மூக்கில் குழாயோடு நின்றவரிடம் வடாபாவை நீட்டினேன்.

"கடியுங்கோ," என்றேன். "மிளகாயையும்தான்."